மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் படிப்பு: வாசகர் கேள்வி – பதில்

கணிதத்தையும் இயற்பியலையும் ஆசிரியர் இல்லாமல் தாமே படிப்பது பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

பி.காம். முடித்து ஜவுளிக்கடையில் கணக்கெழுதுகிறேன். வயது 27. பதினோராம் வகுப்பிலிருந்து கணிதம், இயற்பியல் இரண்டையும் நானே படித்துவிட ஆசை. மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் இயற்பியலின் இரண்டாவது பாடத்தில், மூன்றாவது வாரம் வாக்கில் நின்றுபோனது. எனக்கு மனவுறுதி போதவில்லையா?
– வாசகர், மார்த்தாண்டம்

வண்டி மூன்று தடவையும் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், ஓட்டுநரைத் திட்டும் முன் அந்த இடத்தில் ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

2018இல் வந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் நூலில் இரண்டாவது பாடம் இயக்கவியல். அதில் திசையும் சேர்ந்த அளவான வெக்டர் வருகிறது, கணத்துக்குக் கணம் மாறும் வீதத்தைக் காணும் வகையிடல் வருகிறது, அதன் எதிர்ச்செயலான தொகையிடலும் தலைகாட்டுகிறது. அந்த நூலே இவற்றுக்குச் சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே தெரிந்தவருக்கு ஞாபகப்படுத்தும் அளவுதான். அதே வகுப்பின் கணித நூலில் வெக்டரும் வகை நுண்கணிதமும் இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. பள்ளியில் இந்தப் பள்ளத்தை ஆசிரியர் கரும்பலகையில் நிரவிவிடுவார். தனியாகப் படிப்பவர் இரண்டு நூல்களையும் முதல் பக்கத்திலிருந்து ஒரே சீராகக் கொண்டுபோனால் மூன்றாவது வாரம் அதில் விழத்தான் செய்வார். உங்கள் மனவுறுதிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். கணிதத்தில் முதலில் அடிப்படை இயற்கணிதம், அடுத்து முக்கோணவியல். பிறகு சேர்மானவியலையும் ஈருறுப்புத் தேற்றத்தையும் அப்படியே விட்டுவிட்டு, இரண்டாம் தொகுதிக்குத் தாவி வெக்டரையும் வகை நுண்கணிதத்தையும் முடியுங்கள். அதுவரை இயற்பியலில் முதல் பாடமான அளவீட்டியலோடு நிற்கலாம். அலகு, பரிமாணம், பிழைக் கணக்கு எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தேர்வுக்குப் படிப்பவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் பாடம் அது. தனியாகப் படிப்பவருக்கு அதைவிடப் பயனுள்ள பாடம் கிடையாது. ஏன் என்று கீழே வேறொரு பதிலில் சொல்கிறோம்.

வகையிடலைச் சூத்திரமாகத் தொடங்காதீர்கள். ஒரு பொருளின் இடம் x = 3t² − 2t என்று வைத்துக்கொள்ளுங்கள். t = 2 வினாடியில் x = 8 மீட்டர். t = 2.1இல் x = 9.03. இடைப்பட்ட 0.1 வினாடியில் 1.03 மீட்டர் நகர்ந்திருக்கிறது, அதாவது வினாடிக்கு 10.3 மீட்டர். இடைவெளியைச் சுருக்குங்கள். t = 2.01 என்றால் 10.03. t = 2.001 என்றால் 10.003. எங்கே போய் முட்டுகிறது என்று கண்ணாலேயே தெரிகிறது. சூத்திரப்படி 6t − 2, அதில் t = 2 போட்டால் 10. கணக்கெழுதுகிறவருக்கு இந்த நான்கு வரிகளைப் போட பத்து நிமிடம் போதும். இதே கோவைக்கு t = 0 என்றால் −2 வரும். நிறையப் பேர் ‘தப்பாகிவிட்டது’ என்று அழித்துவிடுவது இங்கேதான். தப்பில்லை, பொருள் முதலில் பின்பக்கம் போகிறது. t = 1/3 வினாடியில் ஒரு கணம் நின்று பிறகு முன்னே வருகிறது. படம் வரைந்து பாருங்கள்.

இன்னொன்று, தொடங்கும் முன் பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பத்துக் கணக்கு எடுத்து 30 நிமிடத்தில் போட்டுப் பாருங்கள். பின்னக் கோவைகளைக் கூட்டுவது, இருபடிச் சமன்பாடு, வடிவொத்த முக்கோணம், நேர்க்கோட்டின் சாய்வு, sin–cos மதிப்புகள் எல்லாம் அதில் கலந்திருக்கட்டும். எட்டு சரியாக வரவில்லை என்றால் பதினொன்றைத் தள்ளிவைத்துவிட்டு ஆறு வாரம் பத்தாம் வகுப்பு. இதில் கௌரவம் பார்க்கிறவர்கள்தான் நான்காவது தடவையும் தொடங்க வேண்டிவரும்.

அன்றாட நடைமுறைக்கு வருவோம். முதல் வாரம் தினம் மூன்று மணிநேரம் படித்துவிட்டு மூன்றாவது வாரம் பூஜ்யத்துக்கு வருவதைவிட, வாரம் ஐந்து நாள், நாளுக்கு 50 நிமிடம் நல்லது. அதில் வாசிப்பு 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது, மீதி நேரம் கையில் பேனா. ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போடுங்கள்: தேதி, கணக்கின் எண், எடுத்த நேரம், எங்கே இடறியது. நான்காவது பத்திதான் சொத்து. ‘குறி மாற்றம்’, ‘அடைப்பை விரிக்கும்போது’, ‘கேள்வியே புரியவில்லை’ என்று இரண்டு வார்த்தை போதும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முக்கால்வாசி இடறல் இரண்டு மூன்று வகைக்குள் அடங்கியிருக்கும்.

ஒரு கணக்கில் 25 நிமிடத்துக்கு மேல் சிக்கினால் தீர்வின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். முழுத் தீர்வையும் பார்க்க நேர்ந்தால் அந்தக் கணக்கை மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் போட வேண்டும். எழுந்திருக்கும் முன் மறுநாளைய கணக்கின் கேள்வியை நோட்டில் எழுதி, படத்தையும் வரைந்து, பாதியில் விட்டுவிடுங்கள். மறுநாள் வெற்றுத்தாளின் முன் உட்காருவதுதான் மலைப்பு. பாதி போட்ட கணக்கின் முன் உட்காருவது அத்தனை மலைப்பாக இருக்காது.

ரப்பர் பால்வெட்டுகிறேன். விடியுமுன் தோட்டத்துக்குப் போனால், பால் எடுத்து ஷீட் அடித்து வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் கண் சொக்குகிறது. எப்போது படிப்பது?
– வாசகர், குலசேகரம்

ராத்திரியை விட்டுவிடுங்கள். விடியுமுன் எழுந்த உடம்பு ராத்திரி ஒன்பது மணிக்குத் தூக்கம் கேட்பது நியாயம். அதோடு மல்லுக்கட்டித் தோற்றுவிட்டு ‘எனக்கு ஆர்வம் இல்லை’ என்று முடிவுகட்டுவது அநியாயம்.

வெட்டி முடித்துப் பால் சிரட்டையில் சொட்டி நிற்கும்வரை இரண்டு மூன்று மணிநேர இடைவெளி இருக்கிறதல்லவா? அதில் வேறு வேலை இல்லாத 40 நிமிடத்தை எடுங்கள். பால்கறை பிடித்த கையோடு புத்தகத்தைத் தொட வேண்டாம். முதல்நாளே இரண்டு கணக்கைச் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பாடம் வாசிப்பதை மதியத் தூக்கத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் தொழிலில் ஆண்டுக்கென்று ஒரு தாளம் உண்டு. இலை உதிரும் பிப்ரவரி – மார்ச்சிலும், மழை கனக்கும் நாட்களிலும் வெட்டு நிற்கும். கடினமான பாடங்களை, அதாவது சுழற்சி இயக்கம், தொகையிடல் போன்றவற்றை, அந்த நாட்களுக்கு ஒதுக்குங்கள். வெட்டு மும்முரமாக இருக்கும் மாதங்களில் பழைய கணக்குகளைத் திரும்பப் போட்டால் போதும். பட்டணத்துக்காரர் போட்ட 365 நாள் அட்டவணை உங்களுக்குச் சரிவராது.

யூடியூபில் பாடம் பார்த்தால் எல்லாம் புரிகிறது. நானே போடும்போது முதல் வரியே வரமாட்டேன் என்கிறது. பிறகு வெறுத்துப்போய் இன்னொரு வீடியோ பார்க்கிறேன்.
– வாசகி, குளச்சல்

அடுத்தவர் வலை வீசுவதைக் கரையில் நின்று பார்த்தால் எல்லாம் எளிதாகத்தான் தெரியும். வீடியோவில் உங்களுக்குப் புரிவது ஒவ்வொரு அடியும் ஏன் சரி என்பது மட்டும். அடுத்த அடி எது என்று தேர்ந்தெடுக்கும் வேலையைப் பாடம் நடத்துபவர் செய்துவிடுகிறார். தேர்வறையில் கேட்பது அந்த வேலையைத்தான்.

கேள்வி திரையில் வந்தவுடன் நிறுத்துங்கள். நோட்டில் எழுதி, தெரிந்தது எது, கேட்பது எது என்று பிரித்து, எட்டு நிமிடம் முயலுங்கள். பிறகு ஓடவிட்டு, உங்கள் வழியும் அவர் வழியும் எந்த வரியில் பிரிகின்றன என்று மட்டும் பார்த்து மறுபடி நிறுத்துங்கள். 20 நிமிட வீடியோ இப்படி ஒரு மணிநேரம் ஆகும். ஆகட்டும்.

தமிழில் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இலங்கைத் தமிழ்ப் பாடங்கள் பல நன்றாக இருக்கும், ஆனால் சொற்கள் வேறு. நம் நூலில் ‘நிறை’ என்பது அங்கே ‘திணிவு’. நம் ‘முடுக்கம்’ அங்கே ‘ஆர்முடுகல்’. இவை பரவாயில்லை, புதுச்சொல் என்று உடனே தெரிந்துவிடும். ஆளைக் கவிழ்ப்பது ‘வேகம்’. நமக்கு வேகம் என்றால் திசையில்லாத அளவு, திசையோடு சேர்ந்தால் திசைவேகம். அங்கே திசையோடு சேர்ந்ததுதான் ‘வேகம்’, திசையில்லாததற்குக் ‘கதி’ என்று பெயர். இது தெரியாமல் பார்த்தால், சீரான வட்ட இயக்கத்தில் ‘வேகம் மாறுகிறது’ என்று அவர் சரியாகச் சொல்வது உங்களுக்குப் பிழையாகக் கேட்கும்.

தமிழ் வழியில் படித்தவள். மேற்கொண்டு போக ஆங்கிலம் வேண்டும் என்கிறார்கள். முதலில் ஆங்கிலத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கணிதத்துக்கு வர வேண்டுமா?
– வாசகி, தக்கலை

வேண்டாம். அப்படிக் காத்திருந்தால் இரண்டும் வராது. மேல சரக்கல்விளையில் தமிழ் வழி அரசுப் பள்ளியில் படித்த கே. சிவன் இஸ்ரோ தலைவரானது நம் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பாடத்தைத் தமிழ் நூலில் படியுங்கள். அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பையும் பாடநூல் இணையதளத்தில் இலவசமாக இறக்கி வைத்துக்கொண்டு, பயிற்சிக் கணக்குகளை மட்டும் அதிலிருந்து போடுங்கள். கணக்குக் கேள்விகளில் வரும் ஆங்கிலம் திரும்பத் திரும்ப வரும் சில நூறு சொற்கள்தான். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது தனி முயற்சி இல்லாமலே கைக்கு வந்துவிடும்.

நான் போட்ட விடை சரியா என்று சொல்ல ஆளில்லை. புத்தகத்தின் பின்னால் விடை இல்லாத கணக்கு என்றால் கை ஓடவில்லை.
– வாசகர், திருவட்டாறு

உங்கள் ஊருக்குப் பக்கத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தையே எடுத்துக்கொள்வோம். உயரம் 115 அடி, ஏறக்குறைய 35 மீட்டர். அங்கிருந்து ஒரு தேங்காய் விழுகிறது, காற்றுத்தடையை விட்டுவிடுவோம். (நோட்டில் மட்டும் விழட்டும். கீழே ஆள் நடமாட்டம் உண்டு.) தரையைத் தொடும்போது வேகம் என்ன?

v = √(2gh). இதில் v வேகம், g புவியீர்ப்பு முடுக்கம், h உயரம். உங்கள் விடை 26.2 மீட்டர்/வினாடி என்று வைத்துக்கொள்வோம். இதை யாரும் இல்லாமல் சரிபார்க்க மூன்று வழி உண்டு. முதலாவது அலகு: g-க்கு மீட்டர்/வினாடி², h-க்கு மீட்டர். பெருக்கினால் மீட்டர்²/வினாடி², வர்க்கமூலம் எடுத்தால் மீட்டர்/வினாடி. சரி. வர்க்கமூலத்தை மறந்திருந்தால் இங்கேயே அகப்பட்டிருப்பீர்கள். அளவீட்டியல் பாடத்தை விடாதீர்கள் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். இரண்டாவது, ஓரத்துக்குத் தள்ளிப் பார்ப்பது: h = 0 என்றால் v = 0 வர வேண்டும், உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காக வேண்டும். வருகிறது. மூன்றாவது, அனுபவத்தோடு ஒப்பிடுவது: 26.2-ஐ 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு 94 கி.மீ. நான்குவழிச் சாலையில் விரையும் கார் போல. நம்பலாம். 262 என்று வந்திருந்தால் மணிக்கு 940 கி.மீ., அது ஜெட் விமானம். எங்கோ தசமப்புள்ளி நழுவியிருக்கிறது.

விழும் நேரத்தை இருபடிச் சமன்பாடாகப் போட்டால் +2.68, −2.68 என்று இரண்டு விடை வரும். எதிர்க்குறி விடையைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். 2.68 வினாடி முன்பு தரையிலிருந்து மேலே எறிந்திருந்தாலும் தேங்காய் சரியாக இந்தக் கணத்தில் பாலத்தை எட்டி ஒரு கணம் நின்றிருக்கும் என்பது அதன் பொருள்.

படிக்கிறேன், கணக்கும் வருகிறது. ஆனால் எல்லாம் தாளோடு முடிந்துவிடுகிறது. நம்மூரிலேயே கையால் செய்து பார்க்க ஏதாவது உண்டா? காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 அன்று மட்டும் சூரிய ஒளி அஸ்தி வைத்த இடத்தில் விழும் என்கிறார்களே, அதைக் கணக்கால் சரிபார்க்க முடியுமா?
– வாசகர், கன்னியாகுமரி

அருமையான கேள்வி. பதினோராம் வகுப்பு முக்கோணவியலே இதற்குப் போதும்.

நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து எத்தனை டிகிரி விலகியிருக்கும் என்பது இரண்டு எண்களின் வித்தியாசம். ஒன்று ஊரின் அட்சரேகை, கன்னியாகுமரிக்கு வடக்கு 8.1 டிகிரி. மற்றது அன்றைய சூரியச் சாய்வு, அதாவது சூரியன் நிலநடுக்கோட்டுக்கு எத்தனை டிகிரி வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பது. அதற்கு எளிய சூத்திரம் 23.44 × sin[(360/365) × (N − 81)]. N என்பது ஜனவரி 1-லிருந்து எண்ணிய நாள். அக்டோபர் 2 என்றால் N = 275. அடைப்புக்குள் 191.3 டிகிரி, சாய்வு −4.6 டிகிரி. குறை குறி என்றால் சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே. ஆக விலகல் 8.1 + 4.6 = 12.7 டிகிரி.

இப்போது ஒரு மீட்டர் நீளக் கம்பை மொட்டைமாடியில் செங்குத்தாக நிறுத்தினால் நண்பகல் நிழல் 100 × tan 12.7° = 22.5 செ.மீ. இருக்க வேண்டும். ஆனால் அளந்தால் 21 செ.மீ. பக்கம்தான் வரும். அளவு தப்பா, சூத்திரம் தப்பா? சூத்திரம்தான். பூமி சூரியனை வட்டத்தில் ஒரே வேகத்தில் சுற்றுவதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் பாதை நீள்வட்டம். ஜூலையில் பூமி தொலைவில் மெதுவாகப் போகிறது. அதனால் பகலும் இரவும் சமமாகும் மார்ச் சமநாளிலிருந்து செப்டம்பர் சமநாள்வரை 186 நாள், திரும்பி வர 179 நாள்தான். சூத்திரமோ இரண்டையும் சமமாகப் பங்கிட்டுவிடுகிறது. அக்டோபர் 2 அன்று உண்மையான சாய்வு ஏறத்தாழ −3.7 டிகிரி, விலகல் 11.8 டிகிரி, நிழல் 20.9 செ.மீ. ஒன்றரை செ.மீ. வித்தியாசத்தில் பூமியின் பாதை வட்டமில்லை என்பது உங்கள் மாடியில் தெரிந்துவிடுகிறது.

அளப்பதில் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கம்பு செங்குத்தா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டால் பாருங்கள். ஒரு டிகிரி சாய்ந்தாலே நிழல் கிட்டத்தட்ட இரண்டு செ.மீ. மாறி, எல்லாம் வீணாகும். மழைத்தண்ணீர் வடிய மாடித்தளத்தைச் சற்றுச் சரிவாகத்தான் கட்டுவார்கள், ரசமட்டம் வைத்துச் சமதளப் பலகை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலம் இருப்பதால் நிழல் நுனி ஒரு செ.மீ. அளவுக்கு மங்கித் தெரியும். மங்கலின் நடுவை எடுங்கள்.

‘நண்பகல்’ என்பதும் கடிகாரம் காட்டும் 12 மணி அல்ல. இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு. கன்னியாகுமரி 77.55 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் நாம் 20 நிமிடம் பின்தங்கி. அக்டோபர் தொடக்கத்தில் சூரியன் சராசரியைவிட 10 – 11 நிமிடம் முந்தி வருவதால் உச்சிப்பொழுது சுமார் 12.09. பதினொன்றே முக்காலிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நுனியைக் குறித்து, ஆகக் குறுகிய நிழலை எடுத்தால் கடிகாரமே வேண்டாம். மேகம் மறைக்கும் பருவம், ஆகவே முன்னும் பின்னும் இரண்டு நாள் கையில் இருக்கட்டும்.

‘அன்று மட்டும்’ என்பதற்கு வருவோம். சூரியன் ஆண்டில் இரண்டு தடவை ஒரே சாய்வுக்கு வரும். −3.7 டிகிரி மறுபடியும் மார்ச் 11 வாக்கில் வரும், ஆகவே அன்றும் உச்சிவெயில் அதே கோணத்தில்தான் இறங்கும். அன்று உச்சிப்பொழுது மட்டும் 12.30 பக்கம், ஏனென்றால் மார்ச்சில் சூரியன் 10 நிமிடம் பிந்தி வருகிறது. இன்னொன்று: மண்டபத்தின் உயரம் 79 அடி. ஒளி இறங்கும் துளை 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒளிப்பொட்டு நாளுக்கு 14 செ.மீ. போல நகரும். சின்னத் துளை என்றாலும் சூரிய வட்டின் பிம்பமே 18 – 19 செ.மீ. அகலம் விழும். ஆக முதல் நாளும் மறுநாளும்கூட ஒளி அந்த இடத்தை ஓரளவு தொடத்தான் செய்யும். கட்டியவர்களின் கணக்குத் திறமைக்கு இதனால் குறைவொன்றும் இல்லை.

கம்பை எடுத்து வைத்துவிடாதீர்கள். ஏப்ரல் 10 – 11, செப்டம்பர் 1 – 2 வாக்கில் நம் ஊரில் உச்சிப்பொழுது நிழலே விழாது.

மழை நாளுக்கு ஊசல். தையல் நூலில் கனமான நட்டு ஒன்றைக் கட்டுங்கள். தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) வேண்டாம், எடைக்கு நீளும். தொங்கும் புள்ளியிலிருந்து நட்டின் நடுவரை சரியாக 1 மீட்டர். ஐந்து டிகிரிக்குள் ஆட்டி, 20 ஆட்டத்துக்கு (போய்த் திரும்பினால் ஒன்று) நேரம் எடுங்கள், 40.2 வினாடி பக்கம் வர வேண்டும். L நீளம், T ஓர் ஆட்டத்தின் நேரம் என்று வைத்து g = 4π²L/T² போட்டால் 9.78 பக்கம் வரும். புத்தகத்தில் 9.8 அல்லது 9.81 இருக்கிறதே என்று திருத்திவிடாதீர்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் g குறைவு, நம் ஊருக்கு 9.78தான் சரி. 30 டிகிரிக்கு வீசி ஆட்டினால் 9.45 பக்கம் இறங்கிவிடும், சூத்திரம் சின்ன ஆட்டத்துக்கு மட்டும்தான். ஒரே ஒரு ஆட்டத்தை அளந்தால் கைவிரல் தாமதமான 0.2 வினாடியே g-இல் 20 சதவீதப் பிழையாகும். அதற்காகத்தான் இருபது.

வயது 52. பணி ஓய்வுக்குள் குவாண்டம் இயற்பியல் புரிய வேண்டும். நேராக அதிலேயே தொடங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கதையாகப் படிக்கலாம், கணக்காக முடியாது. பதினொன்று – பன்னிரண்டின் நுண்கணிதம், கலப்பெண், அணிகள், வகைக்கெழுச் சமன்பாடு, அலைகள், அதன்பின் கல்லூரி முதலாண்டு இயக்கவியல் என்று படிகள் உண்டு. நாளுக்கு 50 நிமிடம் வைத்தால் இரண்டரை, மூன்று ஆண்டு. உங்களுக்கு நேரம் இருக்கிறது.

எந்தக் கால்குலேட்டர் வாங்கலாம்?
– மாணவி, கருங்கல்

sin, cos, log உள்ள சாதாரண அறிவியல் கால்குலேட்டர் போதும், கைபேசியில் இருப்பதும் சரிதான். டிகிரி – ரேடியன் (கோணத்தின் இரண்டு அலகுகள்) நிலையை மட்டும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சோதனைக்கு sin 30 அடியுங்கள், 0.5 வந்தால் டிகிரி, −0.988 வந்தால் ரேடியன். மேலே உள்ள சூரியச் சாய்வுக் கணக்கை ரேடியனில் வைத்துப் போட்டால், அக்டோபர் 2 அன்று சூரியன் கிட்டத்தட்ட 7 டிகிரி வடக்கே நிற்கும்.